மாஸ்டர் பட்டமா, எம்.ஆர்.சி.பி.யா? நான் தேர்ந்த வழி

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் மருத்துவ அதிகாரியாக வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: பொது மருத்துவ நிபுணராக உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் மாஸ்டர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பதா, பிரிட்டிஷ் ராயல் மருத்துவர் கல்லூரிகளின் உறுப்பினர் தேர்வான எம்.ஆர்.சி.பி. எழுதி இணைவழியில், அதாவது வேலை பார்த்துக்கொண்டே வெளிநாட்டுத் தேர்வு வழியாக, போவதா? இரண்டிலும் கால் வைத்தவள் நான். மாஸ்டர்தான் என் பதில்.

எல்லாரும் அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் நான்கு ஆண்டு. சுகாதார அமைச்சின் உதவி கிடைத்தால் சம்பளத்தோடு படிக்கலாம், பிறகு அரசிலேயே வேலை செய்தாக வேண்டிய பிணைக்காலம் உண்டு, இடங்களுக்குப் போட்டி கடுமை. எம்.ஆர்.சி.பி.க்கு நம் கைக்காசு, அதுவும் பவுண்டில், வேலையை விடவேண்டியதில்லை.

யோசிக்க வேண்டியது ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையைத்தான். எம்.ஆர்.சி.பி.க்கு நேர்முகம் கிடையாது. பட்டம் பெற்று ஓராண்டு அனுபவம் இருந்தால் முதல் பகுதி எழுதலாம்: இரண்டு தாள்கள், தாளுக்கு மூன்று மணி நேரம், நூறு கேள்விகள். அப்பா என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. பால்மரம் சீவியவர் மகளான எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இரவுப் பணிக்கு இடையே படித்துத் தேறினேன்.

சிக்கல் எம்.ஆர்.சி.பி.யின் பேசஸ் எனும் செய்முறைத் தேர்வில் வந்தது. அங்கே நோயாளியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏழு திறன்களிலும் தனித்தனியே தேற வேண்டும். ஒன்றில் விட்டதை இன்னொன்றில் ஈடுகட்ட முடியாது.

அதற்குத் தயாரான நாட்களில், தோட்டத்து முதியவர் ஒருவரை இடது விலா எலும்புக்குக் கீழே அழுத்திப் பார்த்து, மண்ணீரல் தட்டுப்படவில்லை என்று எழுதினேன். மாதம் ஒருமுறை ஈப்போவிலிருந்து வரும் நிபுணர் அன்று வந்திருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து, வலது அடிவயிற்றில் கையை வைத்தார். முதியவர் மூச்சை இழுக்க இழுக்க, கையை மெல்ல இடது மேற்புறமாக நகர்த்தச் சொன்னார். தொப்புளுக்கு அருகே என் ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஏதோ வந்து இடித்தது. மண்ணீரலின் விளிம்பு! வீங்கிய மண்ணீரலின் மேலேயே கையை வைத்துக்கொண்டு அதன் விளிம்பைத் தேடியிருக்கிறேன். அவர் அன்று வராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேருக்கு அப்படியே எழுதியிருப்பேனோ!

இணைவழியில் என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே கற்றுக்கொடுக்கும் கடமையும் யாருக்கும் இல்லை. அந்த நிபுணர் செய்தது அவருடைய நல்ல மனம்.

மாஸ்டர் நேர்முகத்தில் மூவர் இருந்தார்கள். ஏன் இந்தத் துறை என்ற கேள்வி ஒரு நிமிடத்தில் முடிந்தது. நீங்கள் தவறாகக் கணித்த நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். எலிக்காய்ச்சலை டெங்கி என்று நினைத்ததைச் சொன்னேன். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், யாரை அழைத்தீர்கள், எலிக்காய்ச்சலின் அடையாளமான கெண்டைக்கால் வலியைக் கேட்டீர்களா என்று விடாமல் துருவினார்கள். வியர்த்துப் போனேன். ஆனால் இடம் கிடைத்த நாளிலிருந்து, என் கையைப் பிடித்துத் திருத்துவது ஒருவருடைய வேலையாகிவிட்டது. நான் தோற்றால் துறையும் பதில் சொல்ல வேண்டும்.

நேர்முகத்தில் குறை இல்லாமல் இல்லை. பதினைந்து நிமிடத்தில் ஒருவர் மனம் கோணினால் போதும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட முறையில், விண்ணப்பதாரர் பல சிறு நேர்காணல்களைச் சுற்றி வருவார். ஒவ்வொன்றிலும் வேறொருவர் மதிப்பெண் போடுவார். ஒரு இடத்தில் தடுமாறியது அடுத்த இடத்தில் ஒட்டாது. அதுவே நியாயம் என்பேன்.

எல்லாருக்கும் என் கணக்குப் பொருந்தாது. 2016 டிசம்பர் முதல் அரசு வேலையில் நிரந்தரமாக அல்லாமல் ஒப்பந்தத்தில் சேர்ந்த மருத்துவர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய மேற்படிப்பு அப்போது எட்டவில்லை. 2021 ஜூலை 26இல் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் ஒலித்த குறைகளில் அதுவும் ஒன்று. அவர்களில் பலர் இணைவழியை நம்பினார்கள். நிபுணர்கள் தினமும் இருக்கும் பெரிய மருத்துவமனையிலும் எம்.ஆர்.சி.பி. நன்றாகவே நடக்கும். அறுவைச் சிகிச்சைத் துறைகளில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. இணைவழியில் இதய அறுவை பயின்றவர்களின் நிபுணர் பதிவு சிக்கலாகி, 2024இல் மருத்துவச் சட்டத்தையே திருத்த வேண்டி வந்ததை மட்டும் அங்கே போகிறவர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

முதல் பகுதியை எழுதிவிடுங்கள். அந்தப் படிப்பு வீண் போகாது. அடுத்த கட்டணத்தைக் கட்டுமுன், உங்கள் வார்டுக்கு நிபுணர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.