ஸ்கிரீன் ரீடர் ‘முடிந்தது’ என்றது, போனது 45,500 ரூபாய்

45,500 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நாளாகப் படுத்தாலும் எழுந்தாலும் இந்த எண்தான் காதில் ஓடுகிறது.

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். கணினியில் என்விடிஏ, போனில் டாக்பேக், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் இந்த இரண்டு ஸ்கிரீன் ரீடர்களையும் வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் தரும் ஓர் ஆன்லைன் சேவையை நம்பி இந்தத் தொகையைக் கோட்டை விட்டிருக்கிறேன். பெயர் போட மாட்டேன். வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதையும் யாராவது எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். மாதச் சம்பளக்காரர்களுக்கு ரிட்டர்ன் போட்டுத் தருகிற வகை, செயலியும் உண்டு, தளமும் உண்டு, ‘மாற்றுத்திறனாளிகள் எளிதாகப் பயன்படுத்தலாம்’ என்று முகப்பில் எழுதியிருப்பார்கள். அவ்வளவு அடையாளம் போதும். நீங்கள் ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 2024-25 நிதியாண்டில் என் மொத்தச் சம்பளம் 9,50,000. அதில் கழித்துக்கொள்ளக்கூடியவை: வீட்டுக் கடன் வட்டி 1,30,000, வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் காட்டும் சேமிப்பு 1,50,000, அப்புறம் 80யு பிரிவு. இந்த 80யு பற்றி நம் ஆட்களிலேயே பலருக்குத் தெரியவில்லை. மாற்றுத்திறனாளி தன் வருமானத்தில் 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000. எனக்கு நூறு சதவீதம். நிலையான கழிவு 50,000-ஐயும் சேர்த்து எல்லாம் போக 4,95,000தான் நிற்கும். வரி கணக்கிடப் பழையது, புதியது என்று இரண்டு முறை உண்டு. பழைய வரி முறையில் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் வரியே கிடையாது. ஆனால் அலுவலகத்தில் ‘பழைய முறை’ என்று எழுதிக் கொடுக்காமல் விட்டுவிட்டேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மாதம் அது. அவர்கள் புதிய முறைப்படி 39,000 ரூபாய் பிடித்துவிட்டார்கள். புதிய முறையில் 80யு-வும் இல்லை, வீட்டுக் கடன் வட்டியும் இல்லை. பரவாயில்லை, ரிட்டர்னில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால் பிடித்த 39,000-மும் திரும்பி வந்துவிடும். ஒரே நிபந்தனை, கெடுவுக்குள் போட்டிருக்க வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் என்னைப் போன்ற சம்பளக்காரன் பழைய முறை கேட்க முடியாது.

முந்தைய ஆண்டுகளில் நானேதான் போட்டேன். தேதிப் பெட்டி, கீழே விரியும் பட்டியல், திடீரென்று முளைக்கும் சின்ன ஜன்னல் என்று எந்த நீளப் படிவமாக இருந்தாலும் ஸ்கிரீன் ரீடரோடு நிரப்ப நேரமாகும். பார்க்கிறவர் இருபது நிமிடத்தில் முடிப்பதற்கு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இந்த முறை அந்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் இல்லை. அப்போதுதான் எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் இந்தச் சேவையின் விளம்பரத்தைப் போட்டார்.

எண்ணைக் கொடுத்ததும் பத்து நிமிடத்தில் போன் வந்தது. அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “சார், நீங்க டாக்பேக்கா, என்விடிஏ-வா?”

அங்கேதான் விழுந்தேன். வங்கி, காப்பீடு, பால் கார்டு என்று எத்தனை இடத்தில் பேசியிருக்கிறேன், ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை. “பக்கத்துல யாராவது பார்க்கிறவங்க இருந்தா போனைக் குடுங்க” என்பதுதான் வழக்கமான முதல் வரி. இவருக்கு என்விடிஏ என்ற சொல் தெரிந்திருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிறைவோடு 1,500 ரூபாய் கட்டணத்தையும் கட்டினேன். பிறகு அவர் சொன்னார்: “ஓடிபி எல்லாம் உங்களுக்கு டைம் பத்தாது சார். பாஸ்வேர்டு மட்டும் சொல்லிடுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்குறோம்.”

சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாக, இது பெரிய எழுத்து, இது சின்ன எழுத்து, இங்கே ஒரு அட் குறி என்று நானே என் வாயால் சொன்னேன். வீட்டுச் சாவியைத் தெருவில் போகிறவரிடம் கொடுத்துவிட்டு, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்த மாதிரி.

ஜூலை 8 அன்று செயலியில் அறிவிப்பு வந்தது. திறந்து விரலை நகர்த்தினேன். டாக்பேக் படித்தது: “ரிட்டர்ன் தாக்கல், முடிந்தது.” அடுத்த இடத்தில் “படம்”. அதற்கடுத்து “உதவி, பட்டன்”. சரி, வேலை முடிந்தது என்று போனை வைத்துவிட்டேன். ஆகஸ்டில் ஒருமுறை ரீஃபண்ட் வரவில்லையே என்று திறந்து பார்த்தேன். அதே “முடிந்தது”, அதே “படம்”. இந்த ஆண்டு எல்லாருக்கும் தாமதம்தான் என்று குழுவில் பேசிக்கொண்டார்கள், நானும் விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 27, சனிக்கிழமை. காலாண்டு விடுமுறைக்குத் தங்கை மகள் வந்திருந்தாள், பதினொன்றாம் வகுப்பு. சும்மா பேச்சுவாக்கில் போனைக் கொடுத்து, “இதுல என்னம்மா படம் இருக்கு?” என்று கேட்டேன்.

“மாமா, செவப்பா ஒரு கட்டம். உள்ள இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. இ-வெரிஃபிகேஷன் பெண்டிங், 30 நாளுக்குள் முடிக்கவும்னு.”

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ரிட்டர்னை ஏற்றிவிட்டால் மட்டும் போதாது. ஏற்றிய 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி, நெட் பேங்கிங் என்று ஏதாவது ஒரு வழியில் ‘இது நான் போட்டதுதான்’ என்று உறுதி செய்ய வேண்டும். 30 நாள் தாண்டி உறுதி செய்தால், உறுதி செய்த நாள்தான் தாக்கல் செய்த நாள். 2025-இல் கெடு ஜூலை 31 ஆக இருந்து, செப்டம்பர் 15-க்குத் தள்ளி, கடைசியில் இன்னும் ஒரு நாள் கூட்டி 16 ஆனது. ஜூலை 8-லிருந்து செப்டம்பர் 16 வரை எழுபது நாள். அந்த எழுபது நாளில் எந்த நாள் எனக்கு அந்தச் சிவப்புக் கட்டம் தெரிந்திருந்தாலும் 39,000 என் கையில் இருந்திருக்கும்.

அந்தக் கட்டத்துக்கு மாற்று உரை என்று நாலு சொல் எழுதி வைத்திருந்தால் டாக்பேக் படித்திருக்கும். அவ்வளவுதான் வேலை. படத்துக்கு மாற்று உரை வேண்டும், நிறத்தை மட்டும் வைத்துத் தகவல் சொல்லக் கூடாது, இரண்டுமே உலக அளவிலான இணைய அணுகல் விதிகளில் முதல் படியான ‘ஏ’ நிலை. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டுதலின் 2023 பதிப்பு இதற்கும் ஒரு படி மேலே, ‘ஏஏ’ நிலையைக் கேட்கிறது. இவர்கள் ஒன்றாம் வகுப்பையே தாண்டவில்லை, முகப்பில் மட்டும் பட்டம்.

எஸ்எம்எஸ் வரவில்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வரித் தளத்தில் என் கணக்கைத் திறந்து விவரங்களைப் பார்த்தால், என் மொபைல் எண் இருந்த இடத்தில் வேறோர் எண், என் மின்னஞ்சல் இருந்த இடத்தில் அவர்களுடைய முகவரி. வர வேண்டியதெல்லாம் அங்கே போய் விழுந்திருக்கிறது.

அன்று மாலையே நானே உட்கார்ந்து எண்ணை மாற்றி, ஆதார் ஓடிபி வாங்கி உறுதி செய்தேன். ஓடிபி 15 நிமிடம் செல்லும். எனக்கு ஆனது நான்கு நிமிடம். “உங்களுக்கு டைம் பத்தாது சார்.”

அப்புறம் போன் படலம். முதல் ஆள்: “ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க சார்.” எதை ஸ்கிரீன்ஷாட் எடுக்க? எனக்குத் தெரியாத படத்தையா? தங்கை மகள் எடுத்து அனுப்பினாள். இரண்டாவது ஆள், ஞாயிற்றுக்கிழமை: “செவப்பா தெளிவா காட்டுதே சார். நீங்க பாக்கலையா?”

இல்லை, பார்க்கவில்லை. நாற்பத்தொரு வருடமாகப் பார்க்கவில்லை. இதைச் சொன்னதும் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை, பிறகு லைன் துண்டிக்கப்பட்டது. ஜூலையில் பேசிய அந்தப் பெண்ணைக் கேட்டால், “அவங்க இப்போ வேற டீம்.” மூன்றாவது ஆள் விதிமுறை ஆவணம் ஒன்றை அனுப்பி, இ-வெரிஃபிகேஷன் பயனரின் பொறுப்பு என்று ஏழாம் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். திறந்தேன், என்விடிஏ-வுக்குப் படிக்க ஓர் எழுத்துகூட இல்லை. தாளை ஸ்கேன் செய்து படமாகவே பிடிஎஃப் ஆக்கியிருக்கிறார்கள். என் பொறுப்பு என்ன என்பதையும் நான் படிக்க முடியாத படத்தில்தான் வைத்திருக்கிறார்கள்!

நேற்று வந்தது இறுதிப் பதில்: “தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். அடுத்த ஆண்டு கட்டணத்தில் 50 சதவீதச் சலுகைக் கூப்பன்.” கூடவே சேவையை மதிப்பிடச் சொல்லி ஐந்து நட்சத்திரம். டாக்பேக் படித்தது: படம், படம், படம், படம், படம்.

ஆடிட்டர் நண்பர் கணக்குப் போட்டுச் சொன்னார். திரும்ப வேண்டிய 39,000 இல்லை. கெடு தாண்டியதால் இனி புதிய முறைதான், அதில் வருமானம் ஐந்து லட்சத்துக்கு மேல் என்ற கணக்கில் தாமதக் கட்டணம் 5,000. அவர்களுக்குக் கட்டிய 1,500. ஆக 45,500. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு வரித் தளத்திலேயே மனு போடலாம் என்றார், போட்டிருக்கிறேன். பதில் வரும்போது வரட்டும்.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. குழுவில் நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். குரல் பதிவு அனுப்பிக் கொண்டாடினோம். மூன்றாவது மாதமே நான் பாஸ்வேர்டை வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விரிவாக ஆலோசனை எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். எழுத எழுதக் கோபம்தான் ஏறுகிறது, அவசரத்தில் சொல்கிறேன். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள், என்விடிஏ என்ற சொல் தெரிந்தவருக்கும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள், வரித் தளத்தில் உங்கள் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். ரிட்டர்னின் நிலையை இடைத்தரகரின் செயலியில் பார்க்காமல் வரித் தளத்திலேயே பாருங்கள். உறுதி செய்யும் வேலையை உங்கள் கையாலேயே செய்யுங்கள். ஸ்கிரீன் ரீடர் வெறுமனே “படம்” என்று சொல்லும் இடத்தில் நில்லுங்கள், யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, நான் காலையில் புகார் பதிந்துவிட்டேன்.

இதே சேவையில் இந்த ஆண்டு ரிட்டர்ன் போட்டவர்கள் குழுவில் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரைப் பிடித்துவிட்டேன். மற்ற இருவர் போனை எடுக்கவில்லை. உங்களில் யாருக்காவது அவர்களைத் தெரிந்தால் இதை இன்றைக்கே படித்துக் காட்டுங்கள்.