தீபாவளி லீவுக்கு நுவரெலியா போய் ஏமாந்த கதை: ‘ஐந்து மணிக்குப் பிறகு வாங்கோ’ என்றால் கவனம்

டிசம்பர் லீவுக்கு நுவரெலியாவில் பங்களா தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நீளமாகத்தான் எழுதப்போகிறேன். சுருக்கினால் ‘படத்தைப் பார்த்து ஏமாந்தான்’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும். படத்தை நம்பக்கூடாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எப்படி மாட்டினேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். நான், மனைவி, பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு படிக்கும் மகள், ஒன்றரை வயது மகன், அதோடு மாமாவும் மாமியும். 2025 தீபாவளி ஒக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. சனி, ஞாயிறோடு சேர்த்தால் மூன்று நாள். வழக்கமாக எங்கள் தீபாவளி காலையில் மயூரபதி அம்மன் கோயில், மதியம் வீட்டுச் சாப்பாடு, பின்னேரம் காலிமுகத்திடல் என்று முடியும். பட்டம் விட்டு, ஐஸ்கிரீம் ஒழுகிய சட்டையோடு பிள்ளைகள் வீடு திரும்புவார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மகளுக்கு இந்த முறை ‘புகை மாதிரி வருமே, அந்தக் குளிர்’ பார்க்க வேண்டும் என்று ஆசை. மூன்று மாதமாக அதே பேச்சு.

ஹோட்டல் என்றால் எங்களுக்கு மூன்று அறை வேண்டும். மாமி வெளியில் சாப்பிடமாட்டா. ஆகவே சமையலறை உள்ள பங்களா தேடினோம். பேஸ்புக்கில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. கிரகரி வாவியைப் பார்த்த மாதிரி ஒரு வெள்ளை பங்களா, முற்றம் முழுக்க பூ, உள்ளே விறகு போடும் ஃபயர் பிளேஸ். மனைவி அந்த ஃபயர் பிளேஸ் படத்தை உடனே மாமிக்கு அனுப்பிவிட்டா. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வட்ஸ்அப்பில் கேட்டோம். அழைத்துப் பேசியவர் நல்ல மரியாதையான தமிழில் பேசினார். முதல் கேள்வி, “பிள்ளைகள் இருக்கினமோ அண்ணா? எத்தனை வயது?” இரண்டாவது, “வயசானவையும் வருவினமோ?” என்ன அக்கறையான மனிதர் என்று நினைத்தேன். கட்டில் தொட்டில் எல்லாம் ஆயத்தம் செய்யத்தான் கேட்கிறார் என்று மனைவியிடம் வேறு சொன்னேன். இரண்டு இரவுக்கு 48,000 ரூபாய். பொருட்கள் உடைந்தால் என்று 15,000 டிபொசிட், போகும்போது திருப்பித் தருவார்களாம். நீண்ட விடுமுறை, இன்னும் இரண்டு குடும்பம் கேட்கிறது, இரவுக்குள் காசு வந்தால்தான் உறுதி என்றார். வீடியோ கோல் எடுத்து வீட்டைக் காட்டச் சொன்னேன். அங்கே சிக்னல் கிடைக்காது என்றார். நகரத்துக்கு நடுவில் இருக்கும் வாவிக்கரையில் சிக்னல் இல்லையா என்று ஒரு நொடி தோன்றியது. மகள் பக்கத்தில் நின்று “குளிர் வீடு கிடைச்சிட்டுதா அப்பா?” என்றாள். அனுப்பிவிட்டேன். 63,000 ரூபாய், ஒரு தனி ஆளின் கணக்குக்கு. பக்கத்தின் பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றல்ல. கேட்டதற்கு “அது எங்கட அக்கவுண்டன்ட்” என்றார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பயணத்துக்கு முதல் நாள் அவரே அழைத்து, “அண்ணா, முதல் வந்த ஆக்கள் மதியம்தான் போவினம், வடிவாத் துப்பரவாக்க வேணும். ஐந்து மணிக்குப் பிறகு வாங்கோ. டவுனில் பெற்றோல் ஷெட்டுக்குப் பக்கத்தில் நில்லுங்கோ, எங்கட பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிக்கொண்டு போவான்” என்றார். வரைபடத்தில் இடம் காட்டச் சொன்னபோது நகரத்தின் பொதுவான புள்ளியைத்தான் அனுப்பியிருந்தார். பெடியன் வருவான் என்றபடியால் நானும் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வானில் ஏறினோம். அவிசாவளை, கித்துல்கலை, ஹட்டன் வழி. நேரம் இருந்ததால் ஆறுதலாகப் போனோம். கித்துல்கலையில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு சாப்பிட்டோம். தலவாக்கலைக்கு முன்னால் டெவன் அருவியில் இறங்கிப் படம் எடுத்தோம். உண்மையைச் சொன்னால் இந்தப் பயணத்தில் நல்லாயிருந்தது அந்த ஏழு மணி நேரம்தான். மகனுக்கு வளைவுகளில் இரண்டு முறை சத்தி. அது கணக்கில் இல்லை.

ஒக்டோபர், நவம்பர் என்றால் மலைநாட்டில் பின்னேரத்தில் இடியோடு மழை வரும். இரண்டு பருவமழைக்கும் இடைப்பட்ட காலம் அது. நாங்கள் நானுஓயாவைத் தாண்டும்போது கொட்டத் தொடங்கியது. ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. 1,868 மீற்றர் உயரத்தில் நனைந்த காற்று எப்படி இருக்கும் என்று கொழும்புக்காரருக்குச் சொல்லி விளங்காது. பெற்றோல் ஷெட்டில் முக்கால் மணி நேரம் நின்றோம். கடைசியில் மழைக்கோட்டோடு ஒரு பையன் வந்தான். பின்னால் வரச் சொல்லிவிட்டு வாவிப் பக்கம் திரும்பாமல் இராகலை வீதியில் ஏறினான். எங்கள் வான் சாரதி, இருபது வருடமாக இந்த வீதியில் ஓடுகிறவர், “மல்லி, வாவி மற்றப் பக்கம்” என்றார். அழைத்தேன். “அண்ணா, மன்னிக்கோணும், அந்த வீட்டில் இன்றைக்கு மத்தியானம் தண்ணி மோட்டார் எரிஞ்சு போச்சு. பிள்ளைகளோட தண்ணியில்லாமல் எப்பிடி இருப்பீங்கள்? அதைவிடப் பெரிய வீடு தாறன்.”

பெரிய வீடு கந்தப்பளைப் பக்கம் இருந்தது. பனிமூட்டத்தில் வானின் விளக்கு பத்தடிக்கு மேல் போகவில்லை. கதவைத் திறந்ததும் மூடிவைத்த அலுமாரியின் மணம். மனைவி வாசலிலேயே நின்று, “என்னப்பா, இது அந்த வீடு இல்லையே” என்றா. மகள் சுவரைத் தொட்டுப் பார்த்து “சுவருக்கு வேர்க்குது” என்றாள். உண்மைதான், விரலில் ஈரம் ஒட்டியது. ஃபயர் பிளேஸ் இல்லை. இரண்டு குளியலறையில் ஒன்றுக்குத்தான் கீசர், அதுவும் சுடவில்லை. சாரதிக்கு அறை உண்டு என்று சொல்லியிருந்தார்கள், அதுவும் கிடையாது. அந்த மனிதர் இரண்டு இரவும் வானுக்குள் படுத்தார். எல்லாவற்றையும் விட எனக்கு வெட்கமாக இருப்பது அதுதான்.

சண்டை பிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஏழரை மணி, மழை, மகன் காய்ச்சல்காரன் மாதிரி தோளில் கிடக்கிறான், மாமாவுக்கு முழங்கால் வலி. அந்த நேரத்தில் எந்த மனிதனாலும் பேரம் பேச முடியாது. ஐந்தாறு இடத்துக்கு அழைத்துப் பார்த்தேன், நீண்ட விடுமுறைக்கு எல்லாம் நிரம்பிவிட்டது. மாமிதான், “அது காரியமில்லை தம்பி, ஒரு இரவுதானே, விடிய யோசிப்பம்” என்று அடுப்பைப் பற்றவைக்கப் போனா. காஸ் சிலிண்டர் காலி. அதற்கு தனிக் காசு. குளிருக்கு ஒரு ஹீற்றர் கேட்டால் அதற்கும் தனிக் காசு.

மறுநாள் ஞாயிறு. வாவியில் அன்னப்பறவைப் படகு ஓட்டினோம், பிள்ளைகள் சிரித்தார்கள், சரி. திரும்பும்போது சாரதி வானை மெதுவாக்கினார். படத்தில் பார்த்த வெள்ளை பங்களா! முற்றத்தில் மூன்று கார், உள்ளே பாட்டு, ஒரு பிள்ளை தோட்டத்துக் குழாயில் தண்ணீர் பீய்ச்சி விளையாடுகிறது. மோட்டார் எரிந்த வீடு. இறங்கிப் போய் வாசலில் நின்ற காவல்கார ஐயாவிடம் கேட்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

“கொழும்புங்களா தம்பி? போட்டோ பாத்து வந்தீங்களா? நம்ம மொதலாளிக்கும் அவனுங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாதுங்க. வீட்டு போட்டோவ எங்கேருந்தோ எடுத்துப் போட்டுக்கிட்டு எல்லாத்தையும் கந்தப்பளைக்கு ஏத்திக்கிட்டுப் போறானுங்க. உங்களோட சேத்து மூணு குடும்பம் இங்க வந்து கேட்டுட்டாங்க. மூணுமே கைப்புள்ளக்காரங்க.”

கைப்பிள்ளைக்காரர் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அப்போதுதான் அந்த முதல் கேள்வி ஞாபகம் வந்தது. பிள்ளைகள் இருக்கிறார்களா, எத்தனை வயது, வயதானவர்கள் வருவார்களா. நாலு பெடியன்கள் போயிருந்தால் அந்த இரவே வானைத் திருப்பியிருப்பார்கள், இல்லை அடிதடியில் முடிந்திருக்கும். குடும்பமாகப் போனவன் எங்கேயும் திரும்பமாட்டான். ஐந்து மணிக்குப் பிறகு வரச் சொன்னதும், அதற்கு மேல் முக்கால் மணி நேரம் நிற்கவைத்ததும் அதற்காகத்தான். பகல் பதினொரு மணிக்கு, வெயிலில், வயிறு நிறைந்து நிற்கும் ஆளிடம் இந்தக் கதை எடுபடாது.

இரண்டாவது இரவும் ஏன் அங்கே இருந்தோம்? வேறு இடமில்லை, 15,000 டிபொசிட்டும் அவர்கள் கையில்.

தீபாவளி விடியலில் எண்ணெய் வைத்து முழுக வேண்டும், சுடுதண்ணி இல்லை. மாமி விடமாட்டா. கையில் இருந்தது ஒரு மின்சாரக் கேத்தில் மட்டும். நாலரை மணிக்கு எழும்பி அதில் தண்ணீர் கொதிக்கவைத்து வாளியில் ஊற்ற, ஊற்றியது ஆறுவதற்குள் அடுத்ததைக் கொதிக்கவைக்க, இப்படிப் பதினொரு முறை. ஒவ்வொருத்தருக்கும் இரண்டு செம்பு சூடும் மிச்சம் பச்சைத்தண்ணியும். மகள் பல்லுக் கிட்டிக்கொண்டு சிரித்தாள். கொண்டுபோன முறுக்கு ஈரத்தில் நமுத்து, வடகம் மாதிரி வளைந்தது. மாமா அதையும் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு “நல்லாத்தான் இருக்கு” என்றார். பட்டுப்பாவாடைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு மகளைச் சீதாஎலிய அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். ஆற்றோரமாக நின்று கும்பிட்டபோது மனசு கொஞ்சம் ஆறியது. புதன்கிழமை கந்தசஷ்டி தொடங்குகிறது, மனைவிக்கு விரதம், ஆகவே தீபாவளியன்றே கொழும்பு திரும்ப வேண்டும்.

திறப்பைக் கொடுக்கும்போது பையன் கம்பளியை விரித்துக் காட்டினான். எண்ணெய்க் கறை. இது எங்களுடையதா, முன்னால் வந்த யாருடையதா தெரியாது. எண்ணெய் வைத்தது உண்மை, ஆகவே என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. 15,000 போய்விட்டது.

கொழும்புக்கு வந்து வட்ஸ்அப்பைத் திறந்தால் அடுத்த அடி. அந்த உரையாடலைத் தொடக்கத்திலேயே ஏழு நாளில் மறையும் விதமாக அமைத்திருந்திருக்கிறார்கள். விலை பேசியது, வாவிக்கரை என்று சொன்னது, படங்கள், எல்லாம் போய்விட்டன. பேஸ்புக் பக்கத்தில் நாங்கள் எழுதிய கருத்தும் ஒரு மணி நேரத்தில் காணோம், என் இலக்கத்தையும் தடுத்துவிட்டார்கள். மிஞ்சியது வங்கி ஸ்லிப்பும், மாமியின் போனுக்கு மனைவி அனுப்பிய அந்த ஒரு படமும். அதைக் கூகுள் லென்ஸில் போட்டால் உண்மையான பங்களாவின் விளம்பரம் அரை நிமிடத்தில் வந்தது. இதைக் காசு அனுப்ப முதல் செய்ய எனக்கு அரை நிமிடம் கிடைக்கவில்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் போனில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போக வேண்டும். நாங்கள் ஸ்லிப், படம், சாரதியின் கையெழுத்தோடு ஒரு கடிதம் எல்லாம் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். சாரதி கேட்காமலே எழுதித் தந்தார். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன். பங்களா எடுக்கப்போகிறவர்கள் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் அந்த இடம் பதிவாகியிருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். வட்ஸ்அப் பேச்சை அன்றன்றே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். வீட்டின் சரியான இடப்புள்ளி தராத ஆளுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். பகலில் வந்து வீட்டைப் பார்த்த பிறகுதான் மிச்சக் காசு என்று சொல்லிப் பாருங்கள், யார் யார் பின்வாங்குகிறார்கள் என்று தெரியும்.

அந்தப் பக்கத்தின் பெயரை இங்கே போடவில்லை, முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறது. பெயர் போட்டும் பயனில்லை. போன கிழமை அதே ஃபயர் பிளேஸ் படம் வேறொரு பெயரில், மேலே நத்தார் மணி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ‘டிசம்பர் 24, 25: ஒரு குடும்பத்துக்கு மட்டும் இடம் உண்டு.’ மனைவியின் தங்கை தன் இலக்கத்திலிருந்து, இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பார்த்தாள்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. “இருக்கு அக்கா. பிள்ளைகள் இருக்கினமோ? எத்தனை வயது?”