கொழுக்கட்டைப் புல் விதை: கொறங்காட்டுக்கு நம்பி வாங்கலாம்

காங்கேயம் பக்கம் எங்கள் கொறங்காட்டில், அதாவது வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், புல் திட்டுத் திட்டாக அற்றுப்போய்விட்டது. அதை நிரப்பத்தான் தாராபுரத்தில் ஒரு விதைக்கடையில் கொழுக்கட்டைப் புல் விதை வாங்கினேன்.

அள்ளினால் கனமே தெரியாது. விதையைச் சுற்றி முடி போல இருக்கும் சுணை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். சிலதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். சுணை உதிர்ந்து உள்ளே மணி தட்டுப்பட்டது. வாங்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள். வெறும் பதர் என்றால் கையில் தூசிதான் மிஞ்சும்.

ஒரு குறை. பையில் அறுவடை மாதம் போடவில்லை. இந்தப் புல்லுக்கு அது ரொம்ப முக்கியம்: புது விதை சில மாதம் உறங்கும், உடனே விதைத்தால் சரியாக முளைக்காது. கேட்டதற்கு, “போன வருசத்து விதைங்க, தைரியமா போடுங்க” என்றார் கடைக்காரர். முளைப்பு நன்றாகவே இருந்தது. ஆனாலும் வாய்வார்த்தை போதாது, அச்சடித்துத் தரவேண்டும்.

ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ போதும். காற்றுக்குப் பறக்கும் என்பதால் ஈரமணலில் கலந்து, மழைக்கு முன் மேலாகத் தூவி, முள்கிளையை மேலே இழுத்து மண்ணால் லேசாக மூடினோம். ஆழமாகப் போனால் வராது.

கோடையில் செத்த மாதிரி காய்ந்து நிற்கும். ஒரு மழை போதும், தூரிலிருந்து துளிர்க்கும். பச்சையோ காய்ந்ததோ, மாடும் செம்மறியும் விரும்பித் தின்னும். தண்ணீர் தேங்கும் காடு வைத்திருப்பவர்கள் மட்டும் வாங்க வேண்டாம், தூர் அழுகிவிடும்.