"பத்திரிகைக்காரர்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வருகிறவர்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

குமரி மாவட்டத்தில் சிறு தொழில் நடத்துகிறவர்கள், அதிலும் உணவுப்பொருள் விற்கிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மீடியா ஆலோசகர்கள் என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் நம் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதலாளிமார்களுக்குப் பேட்டி கொடுக்கப் பயிற்சி தருவோம், நல்ல செய்தி வரவைப்போம், கெட்ட செய்தி வராமல் பார்த்துக்கொள்வோம் என்பதுதான் அவர்கள் பேச்சு. எங்களிடம் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் வாங்கினார்கள். பணம் போனதைவிட, இருபது வருடமாக எங்களிடம் சரக்கு எடுத்த கடைக்காரர்கள் எங்களைச் சந்தேகமாகப் பார்க்கும்படி ஆனதுதான் எனக்கு ஆறவில்லை.

மார்த்தாண்டம் பக்கம் தேன் வாங்கி, வடிகட்டி, பாட்டிலில் அடைத்து விற்கிறோம். அருமனை, பத்துகாணி, குலசேகரம் பக்கத்து விவசாயிகள் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்து எடுக்கும் தேன். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், அதில் குளுக்கோஸ் கூடுதல், அது அதன் குணம். இது தெரியாத யாரோ எங்கள் பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை வீடியோ எடுத்து "சர்க்கரைப் பாகு" என்று போட்டுவிட்டார்கள். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது எல்லாம் அந்த வீடியோவில் இருந்தது. இதையெல்லாம் வைத்துத் தேனில் கலப்படம் உண்டா இல்லையா என்று சொல்லவே முடியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். ஆனால் வீடியோ வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் இவர்கள் வந்தார்கள். நாகர்கோவிலில் ஒரு ஹோட்டல் ஹாலில் பயிற்சி. எந்தக் கேள்வி வந்தாலும் "அதைவிட முக்கியமானது என்னவென்றால்" என்று நம் விஷயத்துக்குத் திருப்பிவிட வேண்டும், மூன்றே மூன்று கருத்துகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். டிவி விவாதத்துக்கு அது உதவலாம். "இந்த பேட்ச் எந்த லேபில் டெஸ்ட் ஆனது?" என்று கேட்கும் உள்ளூர் நிருபரிடம் அப்படிப் பேசினால், இவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் அவருக்குப் படும். மேகி விவகாரத்தைக்கூட அவர்களே உதாரணமாகக் காட்டினார்கள். 2015 ஜூனில் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்ட சரக்கு, ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்த பிறகும் நவம்பரில்தான் மறுபடி வந்தது, ஆரம்பத்தில் அந்த நிறுவனம் சரியாக வாய் திறக்காததால் மக்களிடம் பெயர் கெட்டது என்று விளக்கினார்கள். அப்படி விளக்கியவர்கள்தான் எங்களை வாய் திறக்கவிடவில்லை.

ஒப்பந்தப்படி பத்திரிகை, டிவியிலிருந்து வரும் அழைப்பெல்லாம் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு நாளிதழின் நிருபர் மதியம் போன் செய்தார். கேட்டது இரண்டே கேள்விகள்: ஆய்வக அறிக்கை இருக்கிறதா, தேன் யாரிடம் வாங்குகிறீர்கள். இரண்டுக்கும் காகிதம் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. அழைப்பை அவர்களுக்கு மாற்றினோம். அங்கே பேசியவருக்கு ரப்பர் தேன் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல், எங்கள் நிறுவனத்தின் தொலைநோக்குப் பார்வை பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் அனுப்பினார்கள். மாவட்டச் செய்திப் பக்கங்களுக்கு நிருபர் சாயங்காலத்துக்குள் செய்தியை அனுப்பியாக வேண்டும், பக்கம் முடிந்த பிறகு எது போனாலும் பயனில்லை. இது தெரியாதவர்களுக்கா நாங்கள் பணம் கட்டினோம் என்று இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. மறுநாள் செய்தி வந்தது, கடைசி வரியில் "நிறுவனத் தரப்பிடம் விளக்கம் கேட்டும் பதில் கிடைக்கவில்லை" என்று இருந்தது. தக்கலை, நாகர்கோவில் கடைகளிலிருந்து சரக்கு திரும்பி வந்தது.

அதற்கும் அவர்களிடம் தீர்வு இருந்தது. பத்திரிகைக்கு வக்கீல் நோட்டீஸ், அதற்குத் தனிக் கட்டணம். அப்புறம், "தேசிய மாத இதழில்" கட்டுரை வரும் என்றார்கள். வந்தது ஒரு வெப்சைட்டில். அது பத்திரிகையே இல்லை; பத்திரிகைப் பதிவாளரின் இணையதளத்தில் பெயரைத் தேடினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அப்படி ஓர் இதழ் அங்கே இல்லை. அந்தக் கட்டுரையில் எங்கள் தேன் சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று வேறு எழுதியிருந்தார்கள், நாங்கள் அப்படிச் சொன்னதே கிடையாது. உணவுப்பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வது சட்டப்படி தப்பு, தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மாட்டியிருந்தால் கட்ட வேண்டியது நாங்கள். சண்டை போட்டுத்தான் அதை எடுக்கவைத்தோம்.

பில்லில் "நிருபர்கள் செலவு" என்று நாற்பதாயிரம் போட்டிருந்தார்கள். யாருக்குக் கொடுத்தீர்கள் என்றால் அது ரகசியமாம். பிறகு நான் பேசிய நிருபர்கள் எவருக்கும் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை, தங்கள் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கியது தெரிந்து அவர்கள் கொதித்துப்போனார்கள்.

ஒப்பந்தத்தை முறித்துவிட்டு, ஆய்வக அறிக்கை, பேட்ச் நம்பர், விவசாயிகளிடம் கொள்முதல் செய்த ரெஜிஸ்டர், உறைந்த பாட்டில் ஒன்று, உறையாத பாட்டில் ஒன்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அந்த நிருபரைப் பார்க்க நேரில் போனேன். "அண்ணாச்சி, நான் கேட்டது இதைத்தானே" என்றார். உறைந்த பாட்டிலை இளஞ்சூட்டு வெந்நீரில் வைத்து அது கரைவதைக் காட்டினேன், படம் எடுத்தார். அருமனையில் ஒரு விவசாயியின் தோட்டத்துக்கும் வந்து பெட்டிகளைப் பார்த்தார். எங்கள் விளக்கம் படத்தோடு வந்தது, காசு எதுவும் கேட்கவில்லை. இந்த ஊர்த் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் அதில் சேர்த்திருந்தார்.

வந்த செய்தி உண்மையிலேயே தப்பாக இருந்தாலும் வக்கீல் நோட்டீஸில் தொடங்க வேண்டியதில்லை. முதலில் ஆசிரியருக்கு ஆதாரத்தோடு மறுப்புக் கடிதம் எழுதுங்கள். அவர் கண்டுகொள்ளாவிட்டால் இந்திய பத்திரிகை கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம், நாளிதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள். கவுன்சில் அபராதம் போடாது, கண்டிக்கும், அவ்வளவுதான். டிவிக்கும் யூடியூப் சேனல்களுக்கும் அது பொருந்தாது. இன்னொன்று, "இது வெளியே போடக் கூடாது" என்று எதையாவது சொல்வதானால் பேசுவதற்கு முன்பே நிருபரிடம் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். சொல்லி முடித்த பிறகு கேட்டால் அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. இந்த ஒரு விஷயத்தைக்கூட அந்தப் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்துமூலமாக அனுப்பியிருக்கிறேன். "பயிற்சி முடிந்துவிட்டது, ஒப்பந்தத்தில் மீடியா கவரேஜ் என்றுதான் இருக்கிறது, எந்த மீடியா என்று இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. முந்திரி ஆலை வைத்திருக்கும் ஒருவரும் நேந்திரம் சிப்ஸ் போடும் ஒருவரும் இதே பயிற்சிக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படி யாராவது இருந்தால் பில்லையும் ஒப்பந்தத்தையும் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். "நிருபர்கள் செலவு" என்ற வரி எல்லார் பில்லிலும் இருந்தால், சேர்ந்து போய் எஸ்பி அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.