விண்டோஸை அழித்துப் போடும் முன்: காப்பியா, இமேஜா, டிஸ்கையே கழற்றி வைப்பதா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், பழைய மெஷினைச் சுத்தமாக அழித்துப் புதிதாக ஓ.எஸ். போடுபவர்கள் இப்போது நிறையப் பேர். ஃபைல்களைக் காப்பாற்ற மூன்று வழி உண்டு. அண்மையில் என் லேப்டாப்புக்கு நான் எடுத்தது மூன்றாவது வழி, அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது: வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்வது. எதில் செருகினாலும் திறக்கும், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அளவு பெரியதென்றால் எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போடுவதைவிட, விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளை நல்லது. ஆனால் ஒரு ஃபைல் மாட்டிக்கொண்டால் அது தானாகவே பத்து லட்சம் தடவை, தடவைக்கு 30 விநாடி இடைவெளி விட்டு முயன்றுகொண்டே இருக்கும்! அந்த எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பு) வைத்திருப்பவர்கள் ஃபைல் பக்கத்தில் மேகக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உங்கள் டிஸ்கிலேயே இல்லை, முதலில் இறக்க வேண்டும்.

இரண்டாவது, முழு டிஸ்கையும் இமேஜ் எடுப்பது, அதாவது டிஸ்கில் இருப்பதை மொத்தமாக அப்படியே ஒரு நகலாகச் சேமிப்பது. இதற்கான இலவச மென்பொருளான குளோன்சில்லா நம்பகமானது, ஒன்றும் விடுபடாது. ஆனால் பிறகு ஒரே ஒரு ஃபைல் வேண்டுமென்றால் அந்த இமேஜைச் சும்மா திறந்து எடுக்க முடியாது. பொதுவாக வேறொரு டிஸ்கில் முழுதாக இறக்கித்தான் ஆக வேண்டும். டிஸ்க்2விஎச்டி என்ற இன்னொரு மென்பொருள் எடுத்துத் தரும் இமேஜ் பரவாயில்லை, டபுள் கிளிக் செய்தால் விண்டோஸே இன்னொரு டிரைவாகக் காட்டும்.

மூன்றாவது: புதிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி அதில் விண்டோஸ் போடுவது, பழைய டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் (டிஸ்கை வெளி டிரைவாக்கும் பெட்டி) மாட்டி வைப்பது. செலவு கூடுதல்தான். ஆனால் ஓ.எஸ். மாற்றிய பிறகு தேடப்போவது டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை அல்ல, அதை யாரும் மறப்பதில்லை. தேடுவதெல்லாம் ஆப்டேட்டா மாதிரி மறைந்திருக்கும் ஃபோல்டர்களில் கிடப்பவை: தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் இருக்கும் மெயில்கள், கேம் சேவ்கள், என்றைக்கோ அமைத்த செட்டிங்குகள். அதைவிடப் பெரிய சிக்கல், சில விஷயங்கள் காப்பி செய்தாலும் வராது. குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் பழைய விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை, புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே எடுத்து வந்தாலும் புதிய விண்டோஸில் திறக்காது. (ஃபயர்ஃபாக்ஸில் இந்தத் தொல்லை இல்லை, புரொஃபைலோடு பாஸ்வேர்டும் வந்துவிடும்.) சில மென்பொருள்களின் லைசென்ஸை பழைய இடத்தில் விடுவித்தால்தான் புதிய இடத்தில் ஏற்கும். இதற்கெல்லாம் பழைய விண்டோஸ் உயிரோடு ஓட வேண்டும். கழற்றிய டிஸ்கைத் திரும்ப மாட்டினால் அது பழையபடியே எழுந்து நிற்கும், பாஸ்வேர்டை எக்ஸ்போர்ட் செய்துகொண்டு மறுபடி கழற்றிவிடலாம். குரோமில் சிங்க் போட்டு, பாஸ்வேர்டுகளைக் கூகுள் கணக்கிலும் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேஸ் வழியாகத் திறக்கும்போது பழைய யூசர் ஃபோல்டர் அனுமதி இல்லை என்று அடம்பிடிக்கும். அட்மின் கணக்கில் இருந்துகொண்டு ‘தொடர்’ கொடுத்தால் சற்று நேரத்தில் வழிவிடும். கேஸ் வாங்கும்போது உங்கள் டிஸ்க் சாட்டாவா என்விஎம்ஈயா (டிஸ்க் இணைப்பில் இரண்டு வகை) என்று பார்த்து வாங்குங்கள், ஒன்றுக்கான கேஸ் பொதுவாக மற்றதற்குப் பொருந்தாது. நான் மாற்றியது சாட்டா, என்விஎம்ஈ-யில் எனக்குக் கை பழக்கம் குறைவு. ஸ்டோரேஜைப் போர்டிலேயே பற்றவைத்த லேப்டாப்புகளில் இந்த வழிக்கே இடமில்லை, அங்கே இமேஜ்தான்.

அதோடு, எஸ்எஸ்டியை மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் போட்டு வைப்பது சரியல்ல. தேவையானதைச் சில மாதங்களுக்குள் எடுத்துவிடுங்கள், படங்கள் மாதிரி இழக்கவே கூடாதவற்றை எப்படியும் வெளி டிஸ்கிலும் ஒரு காப்பி போடுங்கள். டிஸ்கில் பிட்லாக்கர் (டிஸ்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஓடுகிறதென்றால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வேறு மெஷினில் செருகினால் முதலில் கேட்பது அதைத்தான்.