ஜாலான் ஸ்டோனர்ல ஒரு பெங்குலு வீடு, அத பாத்த எங்கப்பா

கோலாலம்பூர், எங்க வாய்ல கேஎல், அங்கயே பொறந்து வளர்ந்தவன் நான், ஜாலான் ஸ்டோனர் ரோட்டு பக்கம் எத்தன தடவ கார்ல போயிருப்பேன்னு கணக்கே இல்ல, ஆனா அந்த உசரமான கட்டடங்களுக்கு நடுவுல ஒரு முழு கம்போங் வீடு, அதான் மலாய் கிராமத்து வீடு, தூணு மேல நிக்குதுங்கறதே எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது. ரூமா பெங்குலு அபு செமான், அதாவது ஊர்த்தலைவரு அபு செமான் வீடு. பாடான் வாரிசான் மலேசியா, 1983-ல ஆரம்பிச்ச பாரம்பரிய கட்டடங்கள காப்பாத்தற அமைப்பு, அவங்க வளாகத்துல இருக்கு. ஒரு சனிக்கெழம அப்பாவ கூட்டிட்டு போனேன். அவருக்கு 76 வயசு, முட்டி வலி, வெயில்ல எங்கடா இழுத்துட்டு போறன்னு வழி பூரா கேட்டுக்கிட்டேதான் வந்தாரு.

இந்த வீடு கேஎல் வீடே கெடையாது. கெடா மாநிலத்துல பண்டார் பாரு பக்கம் கம்போங் சுங்கை கெச்சில்ல இருந்தது. ஒரே மூச்சுல கட்டுனதும் இல்ல, 1910 வாக்குல ஆரம்பிச்சு 1930-கள் ஆரம்பம் வரைக்கும் ஒவ்வொரு பகுதியா சேத்து சேத்து கட்டுன வீடு. அப்பறம் ரொம்ப மோசமான நெலமைக்கு போயிருச்சு, 1990-கள்ல பாடான் வாரிசான் அத வாங்கி, பிரிச்சு, இங்க கொண்டாந்து மறுபடியும் பூட்டி நிறுத்துனாங்க. பலகை வீடா இருந்ததாலதான் அது முடிஞ்சுது. பழைய மலாய் வீடுங்க ஆணிய நம்பி நிக்கறது இல்ல, மரத்துல தொள போட்டு இன்னொரு மரத்த சொருகி ஆப்பு அடிச்சு இறுக்குவாங்க, அந்த மூட்டுக்கு அவங்க பாஷைல சொல்ற பேரு நம்ம காதுல அப்படியே தங்கம்னு விழுது. ஆப்ப தட்டி எடுத்தா வீடு பிரிஞ்சு கைக்கு வந்துரும், ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டு வச்சா திரும்ப அதே மாதிரி பூட்டிரலாம். கம்போங்ல அந்த காலத்துல ஊரே கூடி வீட்ட அப்படியே தூக்கிட்டு போயி வேற எடத்துல வைக்கறதும் உண்டு.

அப்பா மொதல்ல உள்ளயே வரல. குனிஞ்சு தூணோட அடிய பாத்துக்கிட்டு நின்னாரு. எங்க தாத்தா தோட்டத்துல ஆசாரி வேல பாத்தவரு, அப்பாவும் சின்ன வயசுல அவரு கூட உளி பிடிச்சவரு, அதனால மரம்னா கண்ணு தானா அங்க போயிரும். "தூணு மண்ணுல பொதைக்கல பாத்தியா, அடியில கட்ட மாதிரி ஒன்னு வச்சு அது மேல நிறுத்திருக்கான். ஈரம் ஏறாது. கறையான் ஏறணும்னாலும் வெளிப்பக்கமா மண்ண கட்டிக்கிட்டுத்தான் ஏறணும், அப்ப நம்ம கண்ணுல பட்டுரும், சுரண்டி விட்டுரலாம்." நான் இத்தன வருஷமா கம்போங் வீடு தூணு மேல இருக்கறது வெள்ளத்துக்காகவும் காத்துக்காகவும் மட்டும்னு நெனச்சிட்டு இருந்தேன்.

செருப்ப கழட்டிட்டு படி ஏறுனா கால்ல பலகை படுது பாருங்க, வெளிய அவ்ளோ வெயிலு, உள்ள அது சில்லுன்னு இருக்கு. செவுத்துக்கு மேல ஓட்ட ஓட்டயா செதுக்குன பலகை, அது வழியா காத்தும் வெளிச்சமும் சேந்து வருது. சன்னல் தரையில இருந்தே ஆரம்பிக்குது, ஏன்னா அந்த வீட்டு சனங்க நாற்காலில இல்ல, பாய்ல உக்காந்தவங்க, உக்காந்தா மூஞ்சிக்கு நேரா காத்து வரணும். அப்பா தரையில உக்காந்து பாத்தாரு, முட்டி வலிய மறந்துட்டாரு போல, எந்திரிக்கவே மனசு வரல. நானும் பக்கத்துல உக்காந்தேன். ரோட்டு சத்தம் கேக்குது, எங்கயோ கட்டட வேல நடக்குது, ஆனாலும் அங்க ஒரு அமைதி இருக்கு.

அப்பறம் எந்திரிச்சு முன்கூடத்த காலால அளந்தாரு. ஊர்த்தலைவரு வீடாச்சே, ஊர் சனம் வந்து உக்காந்து பேசற எடம் அது. ஒன்னு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டே போயி செவுத்துக்கிட்ட நின்னு சொன்னாரு, "நம்ம லயத்து வீடு இதுல பாதி கூட வராதுடா." லயம்னா தோட்டத்துல வேல பாக்கறவங்களுக்கு கம்பெனி வரிசையா கட்டுன வீடு.

அதுக்கு அப்பறம் நான் வீட்ட பாத்தது கொஞ்சம்தான், அப்பா சொன்னத கேட்டதுதான் ஜாஸ்தி.

அவரு பொறந்தது உலு சிலாங்கூர் பக்கம் ஒரு கித்தா தோட்டம், அதான் ரப்பர் தோட்டம். அவங்க லயமும் தூணு மேலதான் இருந்துச்சாம், அடியில வெறகு, கோழி, மழ பேஞ்சா புள்ளைங்க எல்லாம் அங்கதான் வெளையாட்டு. ஒரு வரிசைக்கு 12 கதவு. வெளிப்பலகைக்கு தார் பூசி கருகருன்னு இருக்கும், மேல தகரம், பெரிய மழைன்னா பக்கத்துல உக்காந்து பேசறவன் பேச்சு கூட கேக்காது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கற பலகை கூரை வரைக்கும் போகாது, காத்துக்காக பாதில நிறுத்திருப்பாங்க, அதனால மூணாவது வீட்டுல கொழந்த அழுதா இங்க பாட்டி எந்திரிச்சு தண்ணி குடிப்பாங்களாம். காலைல இருட்டுல பெரட்டுக்கு, அதான் ஆள் எண்ணி வேல பிரிக்கற எடத்துக்கு, போகணும், யாரு எந்திரிச்சாங்க யாரு எந்திரிக்கலன்னு படுத்துக்கிட்டே தெரிஞ்சுரும். இவ்ளோவும் எனக்கு முப்பத்தெட்டு வயசுல, ஒரு பெங்குலு வீட்டு தரையில உக்காந்துதான் தெரிய வருது.

1910-ன்னு கேட்டதும் எனக்கு ஒன்னு ஞாபகம் வந்துச்சு. மலாயாவுக்கு நம்ம ஆளுங்கள சஞ்சிக்கூலியா ஒப்பந்தம் போட்டு கொண்டாந்தது நின்னதும் அந்த வருஷம்தான். அப்பறம் கங்காணி, அதான் தோட்டத்து மேஸ்திரி, ஆளுங்கள கூட்டிட்டு வந்தாரு, 1938-ல இந்தியா தடை போட்டதும் அதுவும் நின்னுச்சு. அபு செமான் வீடு கூடம் கூடமா வளந்த அந்த வருஷங்கள்லதான் நம்ம சனங்களும் லயம் லயமா வந்து எறங்குனாங்க. அந்த லயத்துல ஒன்ன எங்கயாவது இந்த மாதிரி பிரிச்சு கொண்டாந்து பூட்டி வச்சிருக்காங்களான்னு நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன், என் கண்ணுல இன்னும் படல. ஒரு ரிசார்ட்டுல தோட்டத்து வீடுன்னு போட்டு போட்டோ எடுக்க ஒன்னு வச்சிருந்தாங்க, புது பிளைவுட்டுல பெயிண்ட் அடிச்சு, உள்ள ஏர்கான். அப்பா வாசல்லயே நின்னுட்டு திரும்பிட்டாரு, அன்னைக்கு பூரா பேசல. எனக்கும் மனசு கேக்கல, அதுக்கு ஒன்னும் வைக்காமலே இருந்திருக்கலாம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கனடாவுல எட்மன்டன்ல இருக்கற சின்னம்மா பொண்ணு வீட்டுக்கு போனப்ப, ஊருக்கு கெழக்க உக்ரேனிய பாரம்பரிய கிராமம்னு ஒரு தொறந்தவெளி மியூசியத்துக்கு கூட்டிட்டு போனா. அங்க 1892-ல இருந்து 1930 வரைக்கும் குடியேறுன உக்ரேன் சனங்களோட வீடு, கோயில், கட எல்லாத்தையும் அந்தந்த பண்ணைல இருந்து தூக்கிட்டு வந்து வச்சிருக்காங்க. பெரிய வீடு மட்டும் இல்ல, வந்து எறங்குன மொத குளிருக்கு மண்ண தோண்டி மேல புல்லுக்கட்டிய அடுக்கி ஒரு குழியில ஒண்டிக்கிட்டு இருந்தாங்களே, அந்த குழி வீட்டையும் காட்றாங்க, அதுக்கு பேரு புர்டெய். குனிஞ்சுதான் உள்ள போகணும், மண்ணு வாசம் மூக்குல ஏறும். கொஞ்சம் வசதி வந்ததும் கட்டுன வீடு மரக்கட்ட அடுக்கி, களிமண்ணு வைக்கோலு சாணி கொழச்சு பூசி, மேல சுண்ணாம்பு அடிச்சது. எங்கம்மா பாத்திருந்தா நம்ம ஊரு வீடுன்னே சொல்லிருப்பாங்க. அந்த காலத்து உடுப்பு போட்டவங்க அந்த வருஷத்து ஆளாவே பேசறாங்க, நான் போனப்ப ஒரு அம்மா ரொட்டி சுட்டுக்கிட்டே இந்த வருஷம் கோதும எப்படின்னு என்கிட்ட கேக்கறாங்க.

அங்கயும் கேஎல்லயும் பாத்தத சேத்து வச்சு யோசிச்சா எனக்கு ஒன்னுதான் தோணுது. கனடாவுல அவங்களுக்கு 10 டாலர் கட்டுனா 160 ஏக்கர், மூணு வருஷம் தங்கி காட்ட திருத்துனா பட்டா கைக்கு வந்துரும். பெங்குலுவுக்கு தன் வீடு, தன் பேரு. ரெண்டு எடத்துலயும் வீட்டுக்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான், அவனுக்கு பேரப்புள்ளைங்க இருந்தாங்க, இத காப்பாத்துங்கன்னு குடுக்கறதுக்கு அவங்க கைல ஒரு வீடு இருந்துச்சு. லயத்துல நம்ம மூணு தலமொற பொறந்து செத்தாலும் அது கம்பெனி வீடு. வேல போச்சுன்னா வீடும் போச்சு. தோட்டம் கைமாறுனப்ப எங்க தாத்தா சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டு வந்தாரு, அவ்ளோதான். முதல் உலகப்போர்ல சண்ட போட்டு வந்த வெள்ளக்காரங்க 1921-ல ஆரம்பிச்ச பிராங் புசார் தோட்டம்தான் 1995-ல இருந்து நாட்டோட நிர்வாக தலைநகரு புத்ராஜெயாவா மாறுச்சு, அங்க இருக்கற பாலத்து மேல ராத்திரி லைட்டு பாக்க போறப்பலாம் அப்பா கைய நீட்டி இங்க எல்லாம் பால்மரம்டாம்பாரு.

பெங்குலு வீட்ட காப்பாத்துனதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அத முழு மனசோட சொல்றேன். அந்த வீடு இல்லன்னா எங்கப்பா வாய தொறந்திருக்கவே மாட்டாரு. பழைய மரம் எது, புதுசா மாத்துன மரம் எதுன்னு அப்பா தடவி தடவி பாத்து சொன்னாரு, கூட வந்த கைடு தம்பியும் பொறுமையா நின்னு கேட்டாரு, அவசரப்படுத்தல. இந்த மாதிரி வேலைல அதுதான் கஷ்டமே, கெட்டுப்போனத மட்டும் எடுத்துட்டு மத்தத தொடாம விடணும், எல்லாத்தையும் புதுசா மாத்துனா அப்பறம் அது வேற வீடு.

ஒரு லயத்த காப்பாத்தணும்னா 12 கதவும் வேணாம். ரெண்டு வீடு போதும், ஆனா ரெண்டு கண்டிப்பா வேணும், ஒத்த வீட்ட வச்சா அந்த பாதில நிக்கற பலகையோட அர்த்தமே போயிரும். அந்த பலகை, வெளிய ஒரு தண்ணி பைப்பு, மேல அதே பழைய தகரம்.

போறவங்களுக்கு: கான்லே எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல எறங்குனா நடந்துரலாம். கைடு கூடதான் உள்ள விடுவாங்க, அதனால எத்தன மணிக்கு டூர், அன்னைக்கு தொறந்திருக்கான்னு மொதல்லயே கேட்டுக்கோங்க. காலைல போங்க, கொசு எண்ணெ எடுத்துக்கோங்க, வயசானவங்கள படில கைய பிடிச்சு ஏத்துங்க. மரம் தெரிஞ்ச பெரியவங்க உங்க வீட்டுல இருந்தா அவங்கள விட்டுட்டு போகாதீங்க. அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார்.

அன்னைக்கு ராத்திரி அப்பா பழைய காலண்டர் தாள திருப்பி வச்சு லயத்த வரைய ஆரம்பிச்சாரு. திண்ண, ரூமு, பின்னாடி அடுப்பு, அம்மிக்கல்லு இருந்த மூல, சாமி மாடம். முன்கதவு எந்த பக்கம் தொறக்கும்ங்கற எடத்துல பென்சில் நின்னுருச்சு. ரொம்ப நேரம் யோசிச்சு கடைசில கிள்ளான்ல இருக்கற அத்தைக்கு போன் போட சொன்னாரு. மணி பத்தரை, அத்தை தூக்கத்துல எடுத்தாங்க. "எதுக்குண்ணே இந்நேரத்துல?" விஷயத்த சொன்னதும் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல, அப்பறம் சொன்னாங்க, "உள்பக்கமா, இடது கை பக்கம். பூராவும் தொறக்காதுண்ணே, பின்னாடி அப்பாவோட சைக்கிள் நிக்கும்ல."

அப்பா சைக்கிளையும் வரஞ்சாரு.