அழகர்மலைக்கு ஒரு மின்விலங்கு: இடித்தாவியா, சிலிர்ப்பியா?

அக்கா மகள் ஒரு படக்கதை வரைகிறாள். களம் அழகர்மலை. பழமுதிர்சோலைக்கு மேலே, நூபுர கங்கைப் பக்கத்து மரங்களில் மிதந்து தாவும் ஒரு விலங்கு வேண்டும். அதன் உடம்பில் மின்சாரம் இருக்க வேண்டும். உருவத்தில் தகராறு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பறக்கும் அணிலைப் போல முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே தோல் விரிப்பு, எடை 20 கிராம். மின்சாரத்தை எதற்கு வைப்பது என்பதில்தான் நாங்கள் இரண்டு கட்சி.

அவளுடையது இடித்தாவி. இரையின் மேல் பாய்ந்து ஷாக் அடிக்கும். இதற்கு முன்மாதிரி தென் அமெரிக்க மின்விலாங்கு. 2019-ல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட ஒரு வகை 860 வோல்ட் வரை தருகிறது. அதன் உடம்புச் செல் ஒன்றில் கிடைப்பது 0.15 வோல்ட் அளவுதான்; டார்ச் லைட்டில் பேட்டரி அடுக்குவதுபோல ஆயிரக்கணக்கான செல்கள் வரிசையாக நிற்பதால் அவ்வளவு சேருகிறது. மின்திருக்கையும் நல்ல முன்மாதிரியே. அந்த மீனின் தட்டை உடம்பைப் பார்த்தாலே மிதந்து வரும் விலங்கு மாதிரித்தான் இருக்கும். நானே இரண்டு நாள் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தேன்.

ஆனால் அவையெல்லாம் தண்ணீரில் வாழ்பவை. தண்ணீர் மின்சாரத்தை இரை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும், காற்று சேர்க்காது. ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்டவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். மின்விலாங்கே தண்ணீருக்கு வெளியே நிற்கும் எதிரியைத் தாக்க வேண்டுமானால் எம்பித் தாவி, தாடையை அதன் மேல் அழுத்திவிட்டுத்தான் அடிக்கிறது. அமெரிக்க உயிரியலாளர் கென்னத் கட்டானியா 2016-ல் இதைப் பதிவு செய்தார். அப்படியானால் இடித்தாவியும் இரையைத் தொட்டாக வேண்டும், அதுவும் மின்சுற்று முழுமையாக இரண்டு இடத்தில். அவ்வளவு நெருங்கிய பிறகு ஷாக் எதற்கு, கடித்தாலே போதுமே!

அதைவிடப் பெரிய சிக்கல் எடை. மின்விலாங்கின் உடம்பில் ஐந்தில் நான்கு பங்கு மின் உறுப்புகள்தான். தண்ணீர் அதைத் தாங்கிக்கொள்ளும். மிதக்கும் விலங்குக்கோ எடை கூடக் கூட இறங்கும் வேகம் கூடும். அடுத்த மரத்தில் மெல்ல இறங்க வேண்டியது வேகமாகப் போய் மோதும்.

"மாமா, ஷாக் அடிக்கலைன்னா யாரு படிப்பா?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான், ஆனால் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

நடுவே மூன்றாவதாக ஒன்றும் வந்தது: வானத்து மின்புலத்தைப் பிடித்து மேலேறுவது. குட்டிச் சிலந்திகள் நூல் விட்டுப் பறக்க அந்தப் புலம் உதவுவதை 2018-ல் சோதனையில் காட்டியிருக்கிறார்கள். தெளிந்த நாளில் தரைக்கு அருகே அது மீட்டருக்கு 100 வோல்ட் அளவு. சிலந்திக்குஞ்சுக்குச் சரி, 20 கிராமைத் தூக்க வழியே இல்லை. விட்டுவிட்டோம்.

என்னுடையது சிலிர்ப்பி. இதற்குத் தனி மின் உறுப்பே கிடையாது. காற்று காய்ந்த நாளில் பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றினால் சடசடவென்று பொறி வருமே, அந்த உரசல் மின்சாரம்தான் இதற்கும். இலையிலும் தூசியிலும் உரசி விரிப்பில் மின்னேற்றம் சேரும். கூடுதல் எடை ஒரு கிராம்கூட இல்லை.

மின்சாரத்தை வைத்து இது அடிக்காது, தேடும். பறக்கும் தேனீயின் உடம்பில் நேர் மின்னேற்றம் சேர்கிறது. பம்பிள் தேனீக்கள் பூவைச் சுற்றியுள்ள மின்புலத்தை உணர்கின்றன என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள். அந்தப் புலத்தில் அசைந்து சேதி சொல்வது அவற்றின் உடம்பு மயிர்தான். இன்னொரு பக்கம், வௌவாலின் இறக்கையில் காற்றோட்டத்தை உணரும் நுண்மயிர்கள் உண்டு. இந்த இரண்டையும் சேர்த்தேன். சிலிர்ப்பியின் விரிப்பு ஓரத்தில் ஒரே வரிசை மயிர். காற்றைப் படிப்பதும் அதுதான், இருட்டில் சிறகடிக்கும் பூச்சியைக் கண்டுபிடிப்பதும் அதுதான். எனக்கு இந்த வடிவம் பிடித்ததற்கு முக்கியக் காரணமே இதுதான்.

குறை இல்லாமல் இல்லை. இந்தப் புலம் எட்டும் தூரம் மிகக் குறைவு, ஒரு சாண் என்றாலே அதிகம். அப்புறம், ஈரக் காற்றில் மின்னேற்றம் கசிந்துவிடும். மழை விட்டதும் கிளம்பும் ஈசல் கூட்டத்தில் சிலிர்ப்பி புகுந்து வருவதுபோல ஒரு பக்கம் வைக்க எனக்கு ரொம்ப ஆசை. மனசில்லாமல்தான் அதை எடுத்தேன். கதை இப்போது சித்திரை மாத அந்தியில் நடக்கிறது.

அவள் கேட்ட ஷாக்குக்கும் அதே சித்திரையில் இடம் கிடைத்தது. மிதந்து வந்த சிலிர்ப்பியின் மேல் மின்னேற்றம் இருக்கும், மரத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு சிலிர்ப்பியின் மேல் இருக்காது. இரண்டும் மூக்கோடு மூக்கு தொடப்போகும் கணத்தில், நடுவே மயிரிழை இடைவெளியில் 'டிக்' என்று ஒரு பொறி. வலிக்காது, வந்தது நம் ஆள் என்று தெரிந்துவிடும்.

சொல்லி முடிப்பதற்குள் அவள் நீலக் கிரேயானை எடுத்துவிட்டாள்.